வானம் பார்த்த தாண்டல்

ஈர வேட்டியைக் கொடியில் போடுகிறவர் அதை முழுசாகக் கொடிக்கு மேலே தூக்கிப் பிடிப்பதில்லை. ஒரு நுனியை வீசினால் போதும். முன்பாதி அந்தப் பக்கம் சரியும்போது பின்பாதி இந்தப் பக்கம் தொங்கிக்கொண்டிருக்கும். நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்த வேட்டியும் அந்தப் பக்கம் வந்து சேரும். இத்தனைக்கும், எந்த நொடியில் பார்த்தாலும் கொடிக்கு மேலே இருந்தது நாலு விரற்கடைத் துணிதான்.

1968 அக்டோபர் 20 அன்று மெக்சிகோ நகர ஒலிம்பிக் அரங்கில் 21 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் தன் உடம்பை ஏறக்குறைய இப்படித்தான் 2.24 மீட்டர் உயரக் கம்பிக்கு மேல் அனுப்பினார். வளைந்து ஓடி வந்தார். கம்பிக்கு முதுகைக் காட்டி எம்பினார். முதலில் தலை போயிற்று, பிறகு தோள், பிறகு இடுப்பு, கடைசியில் இரண்டு கால்களும். மல்லாந்து வானத்தைப் பார்த்தபடியே மெத்தையில் போய் விழுந்தார். தங்கம் அவருக்கு. பெயர் டிக் ஃபாஸ்பரி. ‘ஃபாஸ்பரி ஃப்ளாப்’ என்று அந்தப் பாணிக்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது. இன்று உலகப் போட்டிகளில் வேறு விதமாக உயரம் தாண்டுகிறவர் யாரும் கண்ணில் படுவதில்லை.

இந்த வெற்றிக்குக் காரணம் கேட்டால், அறிவியல் தெரிந்தவர்கள் மேலே சொன்ன வேட்டிக் கதையைத்தான் சொல்வார்கள். உடம்பு கம்பிக்கு மேலே போகும், அதன் ஈர்ப்பு மையம் கம்பிக்குக் கீழே போகும், ஆகவே குறைந்த உழைப்பில் அதிக உயரம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் பாதிதான் உண்மை. மீதிப் பாதி ஓட்டப்பாதையின் வளைவிலும், ஒரு நுரை மெத்தையிலும், பழைய பாணி எவ்வளவு முயன்றும் கைகூடாத ஒரு நெட்டைப் பையனின் தவிப்பிலும் இருக்கிறது.

உயரம் தாண்டுதலின் அடிப்படை விதி வியப்பூட்டும் அளவுக்குச் சுருக்கமானது. ஒற்றைக் காலால் எம்ப வேண்டும், கம்பியைத் தள்ளிவிடாமல் கடக்க வேண்டும். எப்படிக் கடப்பது என்பது அவரவர் பாடு. ஆனால் எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பேப் டிட்ரிக்சன், ஜீன் ஷைலி என்ற இரு அமெரிக்கப் பெண்கள் சம உயரம் தாண்டி நின்றார்கள். டிட்ரிக்சனின் தலை உடம்புக்கு முன்னால் கம்பியைக் கடந்தது என்று சொல்லி, அவர் கடைசித் தாண்டலை நடுவர்கள் தள்ளிவிட்டார்கள். அவருக்கு வெள்ளிதான் கிடைத்தது. தலை முந்தக் கூடாது என்ற அந்த விதி பிற்பாடு நீங்கியது. நீங்காமல் இருந்திருந்தால் மெக்சிகோவில் ஃபாஸ்பரி தாண்டிய ஒவ்வொரு தாண்டலும் தவறாட்டம்.

அவருக்கு முன்னால் பல பாணிகள் வந்து போயின. ஆதியில் இருந்தது கத்தரிக்கோல் பாணி. உடம்பு நிமிர்ந்தபடி இருக்க, கத்தரிக்கோலின் இரண்டு அலகுகளைப் போல ஒரு காலும் அடுத்து மறு காலும் கம்பியைத் தாண்டும். நம் ஊர்ப் பள்ளி மைதானங்களில் பிள்ளைகள் இயல்பாகத் தாண்டுவது இப்படித்தான். விழும்போது காலூன்றி விழலாம் என்பது இதன் வசதி. உட்கார்ந்த வாக்கில் போகிற உடம்பின் மையம் கம்பிக்கு ஒரு சாணுக்கும் மேலே போயாக வேண்டும் என்பது இதன் விலை. 1895இல் மைக்கேல் ஸ்வீனி இதையே கொஞ்சம் திருத்தி 1.97 மீட்டர் தாண்டினார். 1912இல் ஜார்ஜ் ஹொரைன் பக்கவாட்டில் படுத்தாற்போல் உருண்டு 2 மீட்டரைத் தொட்டார். பிறகு வந்தது ‘ஸ்டிராடில்’. கம்பியை வயிற்றோடு அணைப்பதுபோல் குப்புறப் படுத்து உருளும் பாணி அது. சோவியத் வீரர் வலேரி புரூமெல் 1963 ஜூலையில் மாஸ்கோவில் இந்தப் பாணியில் 2.28 மீட்டர் தாண்டி உலக சாதனை படைத்தார். அந்தக் கலை அன்று எட்டியிருந்த உச்சம் அது.

அதே 1963இன் வசந்த காலத்தில், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மெட்ஃபோர்டு என்ற ஊரில் ஒரு பதினாறு வயதுப் பையன் 1.63 மீட்டரைத் தாண்டவே திணறிக்கொண்டிருந்தான்.

ஃபாஸ்பரி வளர்ந்தது அந்த ஊரில். பின்னாளில் 1.93 மீட்டர் வரை வளர்ந்த ஒல்லி உடம்பு. தொடக்கப் பள்ளியில் தானாகப் பழகியது கத்தரிக்கோல். உயர்நிலைப் பள்ளிப் பயிற்சியாளர் டீன் பென்சன் அதை விடச் சொன்னார். உலகமே ஸ்டிராடிலுக்கு மாறிவிட்டபோது கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு எங்கே போவது? அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் ஸ்டிராடில் சுலபத்தில் வசப்படுகிற வித்தை அல்ல. கம்பிக்கு அருகில் இருக்கும் காலால் எம்ப வேண்டும், வெளிக்காலை விறைப்பாக வானத்துக்கு வீச வேண்டும், அதே வீச்சில் உடம்பைக் குப்புறத் திருப்ப வேண்டும், கடைசியில் பின்காலைத் தவளைபோல் விரித்துக் கம்பியில் படாமல் எடுக்க வேண்டும். பையனின் கை ஒரு பக்கம் போனது, கால் ஒரு பக்கம் போனது. பள்ளி அணியில் நீடிப்பதே சந்தேகம் என்ற நிலை.

கிராண்ட்ஸ் பாஸ் என்ற பக்கத்து ஊரில் ஒரு போட்டி. அங்கே ஒரு நாள் மட்டும் பழைய கத்தரிக்கோலுக்கே திரும்பிப் பார்க்கலாம் என்று அவன் நினைத்தான். பயிற்சியாளரும் சரி என்றார். பழகிய உயரத்தைச் சிரமமில்லாமல் தாண்டினான். கம்பி ஏறியது. கத்தரிக்கோலில் கம்பியைத் தட்டுவது பெரும்பாலும் பிட்டம்தான். ஆகவே அடுத்த தாண்டலில் இடுப்பைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தான். இடுப்பு தூக்கினால் தோள் தானாகப் பின்னால் சாய்கிறது. கம்பி மறுபடி ஏறியது. இடுப்பு இன்னும் உயர, தோள் இன்னும் சாய்ந்தது. இப்படியே ஏறி ஏறி, 1.78 மீட்டர் தாண்டும்போது பையன் கிட்டத்தட்ட மல்லாந்து படுத்திருந்தான். ஒரே பிற்பகலில் அரையடி! ஆண்டுக்கு ஓர் அங்குலம் கூடினாலே பயிற்சியாளர்கள் மகிழ்ந்துபோகிற விளையாட்டு இது. எதிரணிப் பயிற்சியாளர்கள் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். இப்படித் தாண்டக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை.

ஃபாஸ்பரி பிற்பாடு சிவில் எஞ்சினியரிங் படித்தார். அதனால் பொறியியல் கணக்குப் போட்டுத்தான் இந்தப் பாணியைக் கண்டுபிடித்தார் என்று எழுதுகிறவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் வரிசையைத் தலைகீழாக்குகிறார்கள். கிராண்ட்ஸ் பாஸில் கணக்கு எதுவும் இல்லை, தோற்கப் பிடிக்காத ஓர் உடம்பு கம்பியின் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் கண்டுபிடித்த பதில்தான் இருந்தது. கணக்கு பிறகு வந்தது, மற்றவர்கள் போட்டது.

பள்ளியின் மீதி ஆண்டுகளில் பாணி படிப்படியாகத் திரண்டது. நேர் ஓட்டம் வளைந்த ஓட்டமாயிற்று. எம்பும் கணத்தில் தோள் கம்பியை விட்டுத் திரும்பிற்று. உள்ளூர்ப் பத்திரிகை படம் போட்டு ‘ஃப்ளாப்’ என்ற சொல்லைத் தலையில் வைத்தது. படகுக்குள் தூக்கிப் போட்ட மீன் துள்ளுகிற மாதிரி இருக்கிறது என்பது அன்றைய பத்திரிகைக் கிண்டல். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் ‘பொத்தென்று விழுவது’ என்றும் பொருள், ‘படுதோல்வி’ என்றும் பொருள். நம் சினிமாக்காரர்கள் படம் ஃப்ளாப் என்கிறார்களே, அதே சொல். உலகத்திலேயே வெற்றிகரமான ஃப்ளாப் இதுவாகத்தான் இருக்கும்.

இனி கணக்குக்கு வரலாம்.

தாண்டுகிறவரின் கால் தரையை விட்ட நொடியில் அவர் ஈர்ப்பு மையத்தின் பாதை முடிவாகிவிடுகிறது. வீசிய கல்லின் பாதையைப் போல அதுவும் ஒரு பரவளையம். காற்றில் கையை ஆட்டினாலும் காலை உதறினாலும் அந்தப் பாதை ஒரு நூல்கூட மாறாது. ஆகவே தாண்டும் உயரம் மூன்று தொகைகளின் கூட்டல் கழித்தல். எம்பும் கணத்தில் மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது முதல் தொகை. நெட்டை ஆள் நுனிக்காலில் நின்று கையையும் முழங்காலையும் மேலே தூக்கியிருக்கும்போது அது சுமார் 1.3 மீட்டர் அல்லது சற்றுக் கூடுதல். அங்கிருந்து மையம் எவ்வளவு மேலே போகிறது என்பது இரண்டாவது. நொடிக்கு 4.5 மீட்டர் வேகத்தில் மேல்நோக்கிக் கிளம்பினால், பள்ளிக்கூடச் சூத்திரமே சொல்லிவிடும், சுமார் 1.03 மீட்டர் ஏறலாம். கம்பியைத் தாண்டும்போது மையத்துக்கும் கம்பிக்கும் நடுவில் வீணாகிற இடைவெளி மூன்றாவது. கத்தரிக்கோல் தோற்றது இந்த மூன்றாவதில்தான்.

ஈர்ப்பு மையம் உடம்புக்குள்ளேதான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு வளையலை எடுத்துக்கொண்டால் அதன் மையம் இருப்பது நடுவிலுள்ள வெற்றிடத்தில். வில்லாக வளைந்த முதுகும் அப்படித்தான். தலையும் தோளும் கம்பிக்கு அந்தப் பக்கம் தொங்க, காலிரண்டும் இந்தப் பக்கம் தொங்க, இடுப்பு மட்டும் உச்சியில் இருக்கும்போது மையம் முதுகுக்குக் கீழே, காற்றில் வந்து நிற்கிறது. அது கம்பிக்கும் கீழே இருக்கலாம் என்பதற்கு இயற்பியலில் தடையே இல்லை.

ஆனால் இருக்கலாம் என்பது வேறு, இருக்கிறது என்பது வேறு. இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஹெசூஸ் தாப்பேனா போன்ற உயிர்இயக்கவியல் ஆய்வாளர்கள் தாண்டல்களைப் படம் பிடித்து, சட்டம் சட்டமாக அளந்து பார்த்திருக்கிறார்கள். முன்னணி வீரர்களிலும் மையம் பெரும்பாலும் கம்பியை ஒட்டியோ சற்று மேலாகவோதான் போகிறது. இன்னொரு சங்கடமும் உண்டு. நல்ல ஸ்டிராடில் வீரர் கம்பியைச் சுற்றிக் குப்புற மடியும்போது அவர் மையமும் கம்பிக்கு மிக அருகில் வந்துவிடும். மூன்றாவது தொகையில் இரண்டு பாணிகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வேட்டிக் கதை கத்தரிக்கோலை ஃப்ளாப் வென்றதை விளக்கும், ஸ்டிராடிலை வென்றதை விளக்காது.

அதை விளக்குவது ஓட்டம்.

திருவிழாவில் மரணக் கிணறு பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். வேகமாக வளைவில் போகிற எதுவும் உள்பக்கம் சாய்ந்தே தீர வேண்டும். சைக்கிளில் தெருமுனை திரும்பும்போதும் இதுவே நடக்கிறது. ஃப்ளாப் வீரர் முதலில் சில அடிகள் நேராக ஓடுகிறார், கடைசி நாலைந்து அடிகளை வளைவில் வைக்கிறார். ஓட்டத்தடத்தை மேலிருந்து பார்த்தால் ஆங்கில ‘ஜே’ எழுத்து மாதிரி இருக்கும். வளைவில் ஓடுவதால் உடம்பு வட்டத்தின் உள்பக்கம், அதாவது கம்பியை விட்டு விலகிச் சாய்கிறது. இந்தச் சாய்வில் இரண்டு லாபம்.

ஒன்று, முழங்காலை மடக்காமலே மையம் கீழே இறங்குகிறது. மேலே எம்புவதற்கு முன் மையம் தாழ்ந்திருந்தால், உந்தித் தள்ளக் கூடுதல் தூரம் கிடைக்கும். ஸ்டிராடில்காரர் இதற்காக முழங்காலை ஆழமாக மடக்கிப் பதுங்க வேண்டும், அதற்கு இரும்புத் தொடை வேண்டும், பதுங்கலில் ஓட்ட வேகமும் கொஞ்சம் கெடும். ஃப்ளாப்காரருக்கு அந்தத் தாழ்வைச் சாய்வே இலவசமாகக் கொடுத்துவிடுகிறது. அவர் நொடிக்கு ஏழெட்டு மீட்டர் வேகத்தில் ஓடி வந்து, கம்பிக்கு வெளிப்பக்கமுள்ள காலை ஊன்றுகிறார். அந்தக் கால் தரையில் இருப்பது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. மூங்கில் கழி தரையில் ஊன்றி வளைந்து நிமிர்வதுபோல, ஓட்டத்தின் வேகம் அந்தக் காலில் முட்டி மேல்நோக்கித் திரும்புகிறது.

இரண்டாவது லாபம் இன்னும் நுட்பமானது. கம்பியை விட்டுச் சாய்ந்திருந்த உடம்பு, கால் ஊன்றியதும் நிமிரத் தொடங்குகிறது. எம்பி முடிக்கும்போது ஏறக்குறைய செங்குத்தாக நிற்கிறது. அதனால் விசை முழுவதும் நேர் மேலே போகிறது. ஆனால் சாய்விலிருந்து நிமிர்ந்ததும் ஒரு சுழற்சிதானே? தரையை விட்ட பிறகும் அது நிற்காது. அதே திசையில் தொடர்ந்து சுழன்று, செங்குத்தாக இருந்த உடம்பைக் கம்பிக்கு மேலே மல்லாக்கப் படுக்க வைக்கிறது. வளைவில் ஓடாமல் நேராக ஓடி வந்து இந்தச் சுழற்சியைப் பெற வேண்டுமானால், எம்பும்போதே கம்பியின் பக்கம் சாய வேண்டியிருக்கும், பாதி விசை பக்கவாட்டில் போய்விடும். ஃபாஸ்பரி முதுகைத் திருப்பியதைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். அவர் ஓட்டத்தை வளைத்ததுதான் பெரிய காரியம் என்று தோன்றுகிறது.

காற்றில் செய்வதற்கும் கொஞ்சம் வேலை இருக்கிறது. மையத்தின் பாதையை மாற்ற முடியாதே தவிர, உறுப்புகள் தங்களுக்குள் உயரத்தைப் பண்டமாற்று செய்துகொள்ளலாம். தலையைப் பின்னால் தொங்கவிட்டு, குதிகால்களைக் கீழே மடக்கினால் இடுப்பு மேலே வருகிறது. இடுப்பு கம்பியைக் கடந்ததும் கணக்கு தலைகீழாகிறது. மோவாயை நெஞ்சில் புதைத்து, இடுப்பைக் கீழே விட்டால் கால்கள் விசுக்கென்று மேலே எழும்பும். இந்த இரண்டு அசைவுகளுக்கும் நடுவில் கண் இமைக்கிற நேரம்தான். கொஞ்சம் முந்தினால் பிட்டம் கம்பியைத் தட்டும், கொஞ்சம் பிந்தினால் குதிகால் தட்டும். கம்பியோ முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, உச்சியில் இருக்கிறவர் கண்ணுக்கு வானம்தான் தெரியும்.

பிறகு விழ வேண்டும். கழுத்தும் தோளும் முந்த விழ வேண்டும்.

இரண்டே கால் மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வரும் உடம்பின் வேகம் மணிக்குச் சுமார் 24 கிலோமீட்டர். அது மணலில் விழுந்து, பேச்சுக்கு 10 செ.மீ. தூரத்துக்குள் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், உடம்பு தாங்க வேண்டிய சராசரி விசை அதன் எடையைப்போல் இருபது மடங்குக்கும் மேல். அதே உடம்பு நுரை மெத்தையில் 50 செ.மீ. அமுங்கி நின்றால் விசை ஐந்தில் ஒரு பங்காகிவிடும். காலூன்றி விழும் கத்தரிக்கோலுக்கும், கையும் காலும் ஊன்றி விழும் ஸ்டிராடிலுக்கும் மணலும் மரத்தூளும் போதுமானவை. மல்லாந்து விழுகிறவருக்கு அது போதாது.

யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீட்டர் தாண்டி, ஆசிய விளையாட்டில் இலங்கைக்கு முதல் தங்கத்தை வாங்கிக் கொடுத்தார். அவர் தலைமுறைக்குத் தாண்டுவது பாதி வேலை, காலில் அடிபடாமல் இறங்குவது மறு பாதி. நுரை மெத்தைகள் அமெரிக்கப் பள்ளிகளுக்கு வரத் தொடங்கியது 1960களில். ஃபாஸ்பரி முதலில் விழுந்தது மரத்தூளில்தான் என்றாலும், அவர் படித்து முடிப்பதற்குள் மெட்ஃபோர்டு பள்ளிக்கு நுரை மெத்தை வந்துவிட்டது. அந்த மெத்தை இல்லாவிட்டால் ஃப்ளாப் ஓர் ஊரின் வேடிக்கையாக, அல்லது ஒரு கழுத்து எலும்பு முறிவோடு முடிந்திருக்கும்.

இந்த யோசனை ஃபாஸ்பரிக்கு மட்டும் தோன்றியதல்ல என்பதற்குச் சாட்சி உண்டு. ஃபாஸ்பரியைப் பற்றி எதுவும் தெரியாமலே, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் டெபி பிரில் என்ற சிறுமி அதே 1960களில் முதுகால் தாண்டத் தொடங்கினாள். அவள் பாணிக்கு ‘பிரில் பெண்ட்’ என்று பெயர் வந்தது. 1970 எடின்பரோ காமன்வெல்த் விளையாட்டில் தங்கமும் வந்தது. 1963இல் மொன்டானா மாநிலத்துப் பள்ளி மாணவன் ஒருவன் கம்பிக்கு மேல் மல்லாந்து போகிற புகைப்படமும் இருக்கிறது. அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. யோசனை பல உடம்புகளில் தனித்தனியாக முளைத்திருக்கிறது. அதை ஒலிம்பிக் வரை கொண்டுபோனவர் ஒருவர்.

கொண்டுபோவதும் எளிதாக இருக்கவில்லை. ஓரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் பெர்னி வாக்னர் மறுபடியும் ஸ்டிராடிலையே படிக்கச் சொன்னார். பழகட்டும், போட்டிகளில் வேண்டுமானால் தன் பாணியில் தாண்டட்டும் என்று ஓர் உடன்பாடு. இரண்டாம் ஆண்டின் முதல் போட்டியிலேயே ஃபாஸ்பரி 2.08 மீட்டர் தாண்டிப் பல்கலைக்கழகச் சாதனையை முறித்தார். வாக்னர் அதைப் படம் பிடித்துப் போட்டுப் பார்த்தார். கம்பிக்கும் உடம்புக்கும் நடுவில் நிறைய இடம் மிச்சம் இருந்தது. அதற்கப்புறம் ஸ்டிராடில் பேச்சை எடுப்பதை விட்டுவிட்டார். மெக்சிகோ சென்ற அமெரிக்கத் தடகள அணியின் தலைமைப் பயிற்சியாளர் பேட்டன் ஜோர்டனின் கவலை வேறு. பிள்ளைகள் வீரர்களைப் பார்த்து நகல் செய்வார்கள், இவரை நகல் செய்தால் ஒரு தலைமுறையே கழுத்தை முறித்துக்கொள்ளும் என்றார். மெத்தை இல்லாத பள்ளிகளை நினைத்துப் பார்த்தால் அந்தப் பயம் நியாயமானதுதான்.

மெக்சிகோ இறுதிப் போட்டி. ஓடத் தொடங்குவதற்கு முன் ஃபாஸ்பரி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு, முஷ்டியை இறுக்கியும் விட்டும், நிமிடக் கணக்கில் நிற்பார். மனதுக்குள் அந்தத் தாண்டலை ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறாராம். முதலில் சிரித்த கூட்டம் போகப்போக அவருக்காக மௌனம் காத்தது. 2.22 வரை எல்லா உயரத்தையும் முதல் முயற்சியிலேயே கடந்தார். சோவியத்தின் வாலண்டின் காவ்ரிலோவ் 2.20இல் நின்றார், அது வெண்கலம். மிஞ்சியது ஃபாஸ்பரியும் சக அமெரிக்கர் எட் கரதர்ஸும். கம்பி 2.24இல். இருவருமே முதல் இரண்டு முயற்சிகளில் தட்டினார்கள். மூன்றாவதில் ஃபாஸ்பரி கடந்தார், கரதர்ஸால் முடியவில்லை. ஒலிம்பிக் சாதனை. பிறகு உலக சாதனைக்காக 2.29 வைக்கச் சொல்லி முயன்று பார்த்தார். நடக்கவில்லை.

பாணிக்குப் பெயர் கொடுத்தவர் உலக சாதனையை ஒருபோதும் தொடவில்லை. 1972 அமெரிக்க ஒலிம்பிக் அணியிலும் அவர் இல்லை. பொறியியல் படிப்பை முடித்து, ஐடஹோ மாநிலத்தில் கெட்சம் என்ற மலை நகரில் எஞ்சினியராக வாழ்ந்தார். 2023 மார்ச்சில் 76 வயதில் காலமானார்.

ஆனால் 1972 மியூனிக்கில் அவர் பாணி இருந்தது. ஆண்கள் பிரிவில் களமிறங்கிய 40 பேரில் 28 பேர் ஃப்ளாப். நாலே ஆண்டில் இந்த மாற்றம்! அப்படியும் தங்கம் வாங்கியது ஸ்டிராடில்தான், சோவியத் அணியின் எஸ்தோனியர் யூரி தார்மாக், 2.23 மீட்டர். பெண்கள் பிரிவில் 16 வயது உல்ரிகே மெய்ஃபார்த் ஃப்ளாப்பில் 1.92 தாண்டி உலக சாதனையைச் சமன் செய்து, சொந்த நாட்டு மக்கள் முன்னால் தங்கம் வென்றார். அந்த வயதைக் கவனிக்க வேண்டும். ஸ்டிராடிலில் அந்தத் தேர்ச்சி வரப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். ஃப்ளாப்பை ஓட்டமும் துள்ளலும் இருக்கிற பதின்வயதுப் பிள்ளை சில பருவங்களில் பிடித்துக்கொள்ளலாம்.

ஸ்டிராடில் சும்மா விட்டுக்கொடுக்கவில்லை. 1973இல் டுவைட் ஸ்டோன்ஸ் 2.30 தாண்டி, ஆண்கள் பிரிவில் ஃப்ளாப்புக்கு முதல் உலக சாதனையைக் கொண்டுவந்தார். ஆனால் 1977இல் கிழக்கு ஜெர்மனியின் ரோஸ்மேரி ஆக்கர்மன் பெண்களில் முதன்முதலாக 2 மீட்டர் தாண்டியது ஸ்டிராடிலில். அதே ஆண்டு 18 வயது சோவியத் இளைஞர் விளாதிமிர் யாஷ்செங்கோ 2.33 தாண்டியதும் ஸ்டிராடிலில். அடுத்த ஆண்டு 2.34, உள்ளரங்கில் 2.35. பிறகு முழங்காலில் காயம், அவரோடு அந்தப் பாணியின் சாதனைப் பட்டியலும் முடிந்தது. இயற்பியலில் ஸ்டிராடில் தோற்றது என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. கற்றுக்கொள்ள ஆளில்லாமல் போயிற்று, அவ்வளவுதான். ஊரில் எல்லாரும் ஒன்றைப் பழகும்போது, பயிற்சியாளரும் அதைத்தான் சொல்லிக் கொடுப்பார், திறமையுள்ள பிள்ளையும் அங்கேதான் போய்ச் சேரும்.

ஃபாஸ்பரிக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் எல்லாப் புதுமைக்காரர்களுக்கும் கிடைத்ததில்லை. 1956இல் ஸ்பெயின்காரர்கள் வட்டெறிவதுபோல் சுழன்று ஈட்டி எறிந்தார்கள். தூரம் மிரட்டும்படி கூடியது. ஆனால் ஈட்டி எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியவில்லை. பார்வையாளர் பயத்தில் அந்தப் பாணி தடை செய்யப்பட்டது. 1974இல் நியூசிலாந்தின் துவாரிகி டெலமியர் நீளம் தாண்டும்போது காற்றில் குட்டிக்கரணம் அடித்தார். அதையும் ஆபத்து என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். ஃப்ளாப்பையும் இதே காரணத்துக்காகத் தடுத்திருக்கலாம். தடை வருவதற்குள் மெத்தை வந்துவிட்டது.

இன்றைய ஆண்கள் உலக சாதனை 2.45 மீட்டர், கியூபாவின் ஹாவியர் சோட்டோமேயர் 1993இல் ஸ்பெயினின் சலமங்காவில் தாண்டியது. முப்பது ஆண்டு கடந்தும் அசையவில்லை. பெண்களில் ஸ்டெஃப்கா கோஸ்டாடினோவா 1987இல் வைத்த 2.09ஐ உக்ரைனின் யாரோஸ்லாவா மகுசிக் 2024 ஜூலையில் பாரிஸில் ஒரே ஒரு செ.மீ. தள்ளினார். டெல்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை தேஜஸ்வின் சங்கர் 2018இல் அமெரிக்கக் கல்லூரிப் போட்டியில் தாண்டி வைத்த இந்திய தேசிய சாதனை 2.29. மெக்சிகோவில் ஃபாஸ்பரிக்குக் கைகூடாத அதே உயரம்.

இப்போது ஃப்ளாப் பழக வரும் பிள்ளையைப் பயிற்சியாளர் முதல் நாளிலேயே மல்லாந்து விழச் சொல்வதில்லை. தரையில் சுண்ணாம்பால் ஒரு வளைவு போடுகிறார். கம்பியைத் தாழ்வாக வைக்கிறார். பிள்ளை அந்த வளைவில் ஓடி வந்து, வெளிக்காலால் எம்பி, நிமிர்ந்தபடியே ஒரு காலையும் மறு காலையும் கம்பிக்கு மேலே எடுத்து மெத்தையில் நின்றாற்போல் இறங்குகிறது. பென்சன் விடச் சொன்ன அதே கத்தரிக்கோல். அது சரளமான பிறகு கம்பியைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு, இடுப்பைத் தூக்கு என்கிறார்.